நடந்ததற்குச் சோறு

யாருக்காவது வியர்த்தால் அவளுக்குப் பொறுக்காது. கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடி ஏறி வருகிறவர் அதைச் சமையலறையில் இறக்கி வைப்பதற்குள், ஒரு கையில் மோர்ச் சொம்பும் இன்னொரு கையில் இட்லித் தட்டுமாக வந்து நிற்பாள். "வேணாம்மா, இன்னும் எம்மாம் வீடு கீது" என்று அவர் நழுவப் பார்ப்பார். "அதுக்குத்தான் சொல்றேன், துன்னுட்டுப் போ. மாடி ஏறினது உன் உடம்பா, கம்பெனிக்காரன் உடம்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் தின்று முடிக்கும் வரை படிக்கட்டை மறித்துக்கொண்டு நிற்பாள். நகரியில் எங்கள் தெருவுக்கு சிலிண்டர் போடுகிறவர்கள் எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

அவள் என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி என்று கூப்பிட்டவளை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுத வரவில்லை. பெயரையும் எழுதப் போவதில்லை. என் வாயாலும் சொல்வதில்லை, கையாலும் எழுதமாட்டேன்.

அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவருக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், ஒரு கல்யாணம் ஆகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் செய்துகொள்ளாமலே விட்டுவிட்டாள். இதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

உடம்பு எதையாவது இழந்தால் அன்றைக்கே அதற்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது ஒன்றுதான் அவளுடைய கொள்கை. சாமி கும்பிடுவதில் கூட அவ்வளவு தீவிரம் கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் குழாய் அளவு ரத்தம் எடுத்தால் போதும், வீட்டுக்கு வந்ததும் பீட்ரூட் பொரியல், பேரீச்சம்பழம், முட்டை. காய்ச்சலில் கிடந்து எழுந்தால் ஒரு வாரத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. என் பெண் பள்ளிக்கூடத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். குழந்தை கத்திய கத்தலில் நான் வெளியே ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அண்ணி குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டுப் போட்டவர் கையிலும் ஒரு பழம். "அவரும் எம்மாம் நேரம் இழுத்துப் புடிச்சுக்கினு இருந்தாரு, பாவம்" என்றாள்.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைப் பெற்றவள் கூடப் பார்த்துக்கொண்டதில்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, நல்லெண்ணெயில் புரட்டிய களி. திருத்தணியிலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மா, இரண்டு நாள் இருந்துவிட்டு, "எனுக்கு இங்க வேலையே இல்லடி" என்று பஸ் ஏறிப் போய்விட்டாள். பாதி சந்தோஷம், பாதி பொறாமை. நானும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். ஸ்ரீ சிட்டியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மற்றப் பெண்கள் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். நான் மட்டும் நாத்தனார் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறப்பேன்.

அப்படி நம்பியிருந்த என்னைத்தான் கழுத்தறுத்தாள்.

எனக்கு ஒரே தம்பி. திருத்தணியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான். முப்பது வயது ஆகவில்லை, கல்யாணப் பேச்சு எடுத்திருந்தோம். காலில் வீக்கம் என்று போனவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நைனா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு சர்க்கரை, அவள் கிட்னி கொடுக்க முடியாது. மிச்சம் நான்தான்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். என் ரத்தம் தம்பிக்குச் சேர்ந்தது. என் கணவர் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார். தடையாக நின்றது என் உடம்பின் எடைதான். கம்பெனியில் உட்கார்ந்த இடத்திலேயே வேலை, வீட்டில் அண்ணியின் கை. சொல்ல வேண்டுமா? இவ்வளவு பருமனாக இருக்கிறவளை அறுத்து எடுப்பது எனக்கும் ஆபத்து, பின்னாடி மிச்சமிருக்கும் ஒரு கிட்னிக்கும் ஆபத்து என்றார் டாக்டர். எடையைக் குறைத்துக்கொண்டு வா, உடனே தேதி கொடுக்கிறேன் என்றார்.

இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொன்னது அண்ணி. என் தெலுங்கு காய்கறி வாங்கும், பஸ் கண்டக்டரிடம் சண்டை போடும், அவ்வளவுதான். எங்கள் நகரியில் தமிழே போதும். கம்பெனியில் பாதிப் பேர் சென்னைப் பக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வேகமாகத் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பேச ஆரம்பித்தால் திருதிருவென்று முழிப்பேன். அண்ணி தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தண்ணீர் மாதிரி பேசுவாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவார், நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே எனக்கு வாயும் காதும் அவள்தான்.

என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஒரு டயட்டீஷியன் பெண் இருந்தாள். கடப்பாக்காரி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பாதியில் என்னை ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணி உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ராத்திரிக்கு சோறு வேணாமாம். எண்ணெ கம்மி பண்ணிக்கணுமாம். தினம் காலைல ஒரு மணி நேரம் நடக்கணும். முக்கியமா ஒண்ணு சொன்னாங்கோ. நடந்து எம்மாம் எரியுதோ அத்த அன்னிக்கே திருப்பித் துன்னுடணுமாம்."

"நடந்ததத் திருப்பித் துன்னா எப்டி அண்ணி இளைக்கும்?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். சாப்பாடு கம்மி பண்றதுலயே இளைச்சுடுமாம். நடக்கிறது உள்ள இருக்கிற கிட்னி பலத்துக்கு. அந்தப் பலத்த எரிச்சுட்டு சும்மா வுட்டா, கிட்னி சத்து பூடும். சத்தில்லாத கிட்னிய எடுத்து உன் தம்பிக்கு வெச்சு இன்னா பிரயோஜனம்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்ததைத்தானே ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவளைக் கேலி கூடச் செய்தேன், நீங்களே அங்கே வேலைக்குச் சேரலாம் அண்ணி என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி எனக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான். எவ்வளவு நடந்தோம், எத்தனை கலோரி எரிந்தது என்று காட்டும். கம்பெனி பஸ் வருவதற்கு முன், இருட்டோடு எழுந்து புத்தூர் ரோட்டில் நடப்பேன். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர் மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் நேரத்துக்குத் திரும்புவேன். வாசலில் அண்ணி காத்திருப்பாள். "எம்மாம் வந்துச்சு?" என்று என் கையைப் பிடித்து வாட்சைத் திருப்பிப் பார்ப்பாள். அதில் இருக்கும் எண்ணுக்கு ஏற்றபடி தட்டு வரும். எண் சின்னதாக இருந்தால் ஒரு முட்டை தோசை. பெரிதாக இருந்தால் களியும் வேர்க்கடலைச் சட்னியும், மேலே இரண்டு கடலை உருண்டை. மாம்பழக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

ராத்திரிச் சோற்றை விட்டேன். பலகாரம் தொடவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து வெறும் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன். எடை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. ஒரு வாரம் கொஞ்சம் இறங்கும், மறுவாரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கம்பெனியில் என் பக்கத்தில் உட்காரும் பெண், தடுக்குப்பேட்டைக்காரி, ஒருநாள் என் டப்பாவைப் பார்த்து, கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அக்கா, அந்த வாட்ச் சும்மா கைய ஆட்டினாக் கூட ஏறும். அத்த நம்பித் துன்னாதீங்கோ. எரிச்சதுல பாதி கூடத் துன்னக் கூடாதுன்றாங்கோ, நீங்க முழுசாத் துன்னுக்கினு கீறீங்கோ." வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு டாக்டரா? நான் அம்மாம் தூரம் வந்து உக்காந்து கேட்டுக்கினு வந்து சொல்றேன், நீ லைன்ல உக்காந்துக்கினு கீறவ பேச்சக் கேக்கற." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுத் தட்டையும் காலி செய்தேன்.

தம்பிக்காக மொட்டை வேண்டுதல் ஒன்று இருந்தது. அவனும் அம்மாவும் பஸ்ஸில் திருமலைக்குப் போய்விட்டார்கள். நானும் அண்ணியும் அலிபிரியிலிருந்து படி ஏறினோம். கோபுரம் கோபுரமாக நின்று மூச்சு வாங்கி, காளிகோபுரம் தாண்டியபோது என் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் வாட்சைப் பார்த்தாள். நாங்கள் அதுவரை பார்க்காத எண். பையைத் திறந்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உளுந்து வடை, வாழைப்பழம். தம்பி மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தண்ணீரே அளந்துதான். வாழைப்பழம் கூடாது, புளிச்சோறு கூடாது. அவன் எதிரில் எனக்கு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"துன்னுக்கா. நீ பலமா இருந்தாத்தான எனக்கு நல்லது" என்றான்.

அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. குனிந்து வடையைப் பிட்டு என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒருத்தியால் அடுத்த வடையை எப்படி எடுத்து வைக்க முடிந்தது?

முதலில் தினம் போன் செய்து, "எம்மாம் குறைஞ்சுச்சு அக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், பிறகு கேட்பதை விட்டுவிட்டான். மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவான். அவன் கேட்காததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒரு டயாலிசிஸ் நாளில் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நான் தனியாகத் திருப்பதிக்குப் போனேன். தம்பி உள்ளே படுத்திருந்த நேரத்தில் டயட்டீஷியன் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். சித்தூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, தமிழ் தெரிந்தவள், கூட வந்தாள்.

அந்தப் பெண் என் எடையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். தினம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். நடந்துவிட்டு வந்து சாப்பிடுவதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"ஆமெகி செப்பானு கதா" என்றாள். அந்த அம்மாவிடம் சொன்னேனே என்று. இது எனக்கே புரிந்தது. மீதியை நர்ஸ் சொன்னாள்.

"நடந்து கரைக்கிறத திருப்பித் துன்னக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாங்களாம் அக்கா. கூட வந்தவங்க அதையே ரெண்டு தடவ கேட்டாங்களாம். திருப்பித் துன்னா இன்னா ஆகும்னு. எடை இருக்கிற இடத்துலயே நிக்கும்னு இவங்க சொன்னாங்களாம். அவங்க சரின்னு தலையாட்டிட்டு எழுந்து போனாங்களாம்."

அண்ணிக்குத் தவறாகப் புரிந்திருக்கும் என்று நர்ஸிடம் நானே வக்காலத்து வாங்கினேன். தெலுங்கு தண்ணீர் மாதிரி பேசுகிறவளுக்கு. இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு மாதம் இருட்டில் எழுந்து ரோடு ரோடாக நடந்தேனே, வாசலில் நின்று என் கையைத் திருப்பிப் பார்த்தாளே.

வீட்டுக்கு வந்தபோது அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். நான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"திருப்பதில இருந்து வரேன். அந்தக் கடப்பாப் பொண்ணப் பாத்தேன்" என்றேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன். அழுவாள், சத்தியம் செய்வாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் மடியிலிருந்த தோலை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏன் அண்ணி?"

"உன்ன அறுக்கறதுக்கு நான் ஒத்துக்கல. என் தம்பி கையெழுத்துப் போட்டுட்டான். நீ புடிச்ச புடிய வுட மாட்ட. நான் வேற இன்னா பண்ணுவேன்?"

"அவன் செத்துடுவான் அண்ணி."

"தெரியும்" என்றாள். "உனுக்கு உன் தம்பி, எனுக்கு என் தம்பி. அம்மா இல்லாம ஒரு வூட்ல புள்ளைங்கோ எப்டி வளரும்னு எனுக்குத் தெரியும், உனுக்குத் தெரியாது. அத்த மறுபடியும் நான் பாக்க மாட்டேன்." பிறகு, வழக்கமான குரலில், "மூஞ்சி இன்னா இப்டி வாடிக் கீது? காலைல இருந்து துன்னியா இல்லியா?" என்று கேட்டாள்.

அடித்திருப்பேன். மொச்சைத் தட்டை எட்டி உதைத்தேன், அதுதான் முடிந்தது. கணவரிடம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். நம்பினேன். நம்பாமல் அவரோடு எப்படி வாழ்வது?

பிள்ளைகளோடு திருத்தணிக்குப் போய் அம்மா வீட்டில் இருந்துகொண்டேன். அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்தேன். அதே நடை, அதே வாட்ச். நடந்துவிட்டு வந்து ஒரு டம்ளர் தண்ணீர். எடை இறங்க ஆரம்பித்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் ஏறியது. டாக்டர் சொன்ன எடைக்கு வந்து, மறுபடியும் பரிசோதனைகள் ஆரம்பித்த வாரத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி போய்விட்டது என்றார்கள். பிறகு இதயத்தில் என்றார்கள். இந்த நிலைமையில் ஆபரேஷன் தாங்கமாட்டான் என்றார்கள். இரண்டு வாரம் கிடந்தான். மூன்றாவது வாரம் இல்லை.

போன மழைக்காலத்திலேயே ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். இதற்கு எனக்கு வாயும் காதும் தேவைப்படவில்லை, உடைந்த தெலுங்கில் நானே கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, அப்படியெல்லாம் கேட்கக் கூடாதம்மா என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணி வந்தாள். சொந்தக்காரப் பெண்கள் என்னைப் பார்த்து, துக்க வீடு என்பதையும் மறந்து, நல்லா இளைச்சுட்ட, எப்டி இளைச்ச என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லோரையும் தாண்டி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. தம்பியைப் புதைத்த பிறகு சொல்லலாம், காரியம் முடியட்டும், அன்றைக்கு எல்லோர் எதிரிலும் அவளை நிறுத்தி வைத்துச் சொல்லலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மா அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம் புள்ள பூட்டான் யம்மா. இவளையும் அறுத்திருந்தா நான் ரெண்டு பேத்தையும் பறி குடுத்திருப்பேன். இவ உடம்பு எறங்காம நின்னுச்சு பாரு, அது அந்தப் பெருமாள் பண்ண காரியம். வெளிய சொல்லக் கூடாது, ஆனா எனுக்கு உள்ளுக்குள்ள அப்டித்தான் இருந்துச்சு."

"அழுவாதீங்கோ அத்தை" என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. சொல்வதென்றால் சொல்லிக்கொள் என்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

நான் சொல்லவில்லை. நாங்கள் இப்போது சத்தியவேட்டில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் மாதம் ஒருமுறை நகரிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறார், நான் அந்தப் பக்கம் போவதில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவளுக்குத் தாங்காது என்று என் கணவரிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். அது பொய். உண்மையைக் கேட்டுவிட்டு அம்மா அண்ணியைக் காறித் துப்புவாளா, இல்லை அந்தக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.